தத்துவ போதகர்: மதுரையில் ஒரு பிரசங்கியாரின் வாழ்க்கை

பத்தாம் வகுப்பு மாணவி, திருமங்கலம்

திருக்குறளில் கல்விக்கு ஓர் அதிகாரம் உண்டு. கேள்விக்கும் தனியாக ஓர் அதிகாரம் உண்டு. கேள்வி என்றால் வினாத்தாளில் வரும் கேள்வியன்று; கற்றறிந்தோர் சொல்லைக் காது கொடுத்துக் கேட்பதாகும். படிக்க வாய்ப்புக் கிட்டாதவரும் கேட்டுக் கேட்டே அறிவு பெறலாம் என்பது நம் முன்னோர் கண்ட உண்மை. அதனாலன்றோ ஊர்தோறும் கதாகாலட்சேபமும் சொற்பொழிவும் பட்டிமன்றமும் இன்றளவும் நடந்து வருகின்றன!

நம் கோவில்களிலும் இவ்வழக்கம் உண்டு. திருவிழாக் கொடி ஏறிவிட்டால், நவநாள் மாலைகளில் வெளியூரிலிருந்து பெயர்பெற்ற பிரசங்கியார்கள் வருவார்கள். தவக்காலத்தில் தியானப் பிரசங்கங்கள் நடைபெறும். கோவிலுக்குள் இடம் கிடைக்காதவர்கள் வெளியே மணலில் அமர்ந்து கேட்பார்கள். கிறிஸ்தவர் அல்லாத அண்டை வீட்டாரும் ஒலிபெருக்கியில் வரும் பேச்சைத் தம் வாசலிலிருந்தே கேட்பார்கள். நல்ல தமிழில், நயமாக, நெஞ்சில் பதியும்படி ஒருவர் பேசினால் மறுநாள் தெருவெல்லாம் அதே பேச்சாக இருக்கும்.

ஆனால் மதுரையில் ஒரு காலம் இருந்தது. அங்கே கோவில் இருந்தது; குருவானவர் இருந்தார்; பள்ளிக்கூடமும் மருந்தகமும் இருந்தன. ஆயினும் ஊரார் எவரும் குருவானவரின் போதனைக்குச் செவி கொடுக்கவில்லை. பதினோர் ஆண்டுகள் அப்படியே சென்றன. அந்த நிலையை மாற்றி, மதுரைக் கற்றோரைத் தம் பேச்சைக் கேட்க வரவழைத்தவர் ஒருவர். அவர் தமிழர் அல்லர், இத்தாலி நாட்டவர். தத்துவ போதகர் என்று நம்மவரால் அழைக்கப்பட்ட இராபர்ட் தெ நொபிலி அடிகளே அவர். நம் திருமங்கலத்திலிருந்து மதுரை சுமார் இருபது கிலோமீட்டர்தான். இத்தனை அருகில் வாழ்ந்த ஒரு பெரியாரின் வரலாற்றை நாம் அறிந்திருக்க வேண்டாமா?

பிறப்பும் இளமையும்

இராபர்ட் தெ நொபிலி 1577ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் இத்தாலியில் பிறந்தார். அவருடைய குடும்பம் உயர்குடிப் பிரபுக் குடும்பம். பாப்பரசர் மூன்றாம் ஜூலியஸ் இவர்களுடைய உறவினர். புகழ்பெற்ற அறிஞரான கர்தினால் பெல்லார்மினும் உறவினரே. இராபர்ட் வீட்டின் மூத்த மகன். பட்டமும் சொத்தும் பதவியும் அவருக்காகக் காத்திருந்தன.

அவர் மனமோ வேறு திசையில் சென்றது. சேசு சபையில் சேர்ந்து தொலைதூர நாட்டில் மறைப்பணி ஆற்ற வேண்டும் என்று விரும்பினார். வீட்டார் கடுமையாக எதிர்த்தனர். வீட்டை விட்டு வெளியேறி நேப்பிள்ஸ் நகருக்குச் சென்று, சில காலம் தம்மை யாரென்று காட்டாமல் வாழ்ந்தார். பின்னர் அங்கேயே சேசு சபையில் சேர்ந்து, படிப்பை முடித்துக் குருப்பட்டம் பெற்றார். இந்தியாவுக்குச் செல்ல அனுமதியும் கிடைத்தது.

1604ஆம் ஆண்டு லிஸ்பன் துறைமுகத்தில் கப்பல் ஏறினார். அக்காலத்துக் கடற்பயணம் உயிரைப் பணயம் வைப்பதாகும். நோயாலும் புயலாலும் பாதி வழியில் மாண்டோர் பலர். இவர் சென்ற கப்பலும் ஆப்பிரிக்காவின் மொசாம்பிக் கரையருகே விபத்துக்கு உள்ளாயிற்று. அங்கே பல மாதங்கள் தங்கிவிட்டு, 1605ஆம் ஆண்டு கோவா வந்து சேர்ந்தார். பின்பு கொச்சிக்கும், அங்கிருந்து முத்துக்குளித்துறைக்கும் சென்றார். முத்துக்குளித்துறையில்தான் தமிழைப் படிக்கத் தொடங்கினார்.

முத்துக்குளித்துறைக்கும் தமிழுக்கும் ஏற்கெனவே நல்ல தொடர்பு இருந்தது. புனித சவேரியார் அங்கே தமிழில் மொழிபெயர்க்கச் செய்த செபங்களை மனப்பாடம் செய்து மக்களுக்குக் கற்பித்தார். அவருக்குப் பின் வந்த அன்றீக் அடிகளார் தமிழை முறையாகக் கற்று, 1578ஆம் ஆண்டு தம்பிரான் வணக்கம் என்ற நூலைக் கொல்லத்தில் தமிழ் எழுத்தில் அச்சிட்டார். இந்திய மொழிகளில் தம் சொந்த எழுத்தில் முதன்முதல் அச்சேறிய மொழி தமிழே என்னும் பெருமை அதனால் நமக்குக் கிடைத்தது. நொபிலி அடிகளாருக்கு முன்னே இத்தகைய வழிகாட்டிகள் இருந்தனர். ஆனால் அவர்கள் பணி பெரும்பாலும் கடற்கரையோடு நின்றிருந்தது. உள்நாட்டிலிருந்த மதுரையோ வேறோர் உலகம்.

மதுரையில் கண்ட நிலை

1606ஆம் ஆண்டு நவம்பரில் நொபிலி அடிகளார் மதுரைக்கு வந்தார். அப்போது நாயக்க மன்னர்கள் ஆண்டுகொண்டிருந்தனர். மதுரை கோவில் நகரம் மட்டுமன்று, கல்வி நகரமும் ஆகும். இங்கே பதினாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் பல ஆசிரியர்களிடம் கல்வி கற்றனர் என்று அவரே 1610ஆம் ஆண்டு எழுதிய கடிதத்தில் குறிப்பிட்டிருக்கிறார். பதினாயிரம் மாணவர் பயிலும் ஊரில் கேட்கும் செவிகளுக்கா பஞ்சம்?

கொன்சாலோ பெர்னாண்டஸ் என்னும் போர்த்துக்கீசிய சேசு சபைத் துறவி 1595ஆம் ஆண்டு முதல் மதுரையில் பணியாற்றி வந்தார். அவர் முன்பு போர்வீரராக இருந்தவர், நல்லவர், உழைப்பாளி. வணிகத்துக்காகக் கடற்கரையிலிருந்து மதுரைக்கு வந்த கிறிஸ்தவப் பரதவர்களுக்காக ஒரு கோவில் கட்டியிருந்தார். பிள்ளைகளுக்குப் பள்ளியும் நோயாளிகளுக்கு மருந்தகமும் நடத்தினார். மக்கள் அவரிடம் மருந்து வாங்கிக்கொண்டார்கள். பிள்ளைகளைப் படிக்க அனுப்பினார்கள். அவர் போதனையை மட்டும் ஏற்கவில்லை. பதினோர் ஆண்டுகளில் மதுரை மக்களுள் ஒருவர்கூட அவர் சொல்லால் கிறிஸ்தவராகவில்லை.

இதற்குக் காரணம் என்ன? நொபிலி அடிகளார் உடனே பேசத் தொடங்கவில்லை. முதலில் விசாரித்தார், மக்கள் சொன்னதைக் கேட்டார். காரணம் ஒரே ஒரு சொல்லில் அடங்கியிருந்தது. அது பரங்கி என்னும் சொல். போர்த்துக்கீசியரை நம்மவர் பரங்கியர் என்று அழைத்தனர். மாட்டிறைச்சி உண்பவர், மது அருந்துபவர், குளிக்காதவர், ஆசாரம் அறியாதவர் என்பதே அச்சொல்லுக்கு மக்கள் கொண்ட பொருள். பெர்னாண்டஸ் அடிகளாருக்கோ அந்தப் பொருள் விளங்கவில்லை. பரங்கி என்றால் கிறிஸ்தவர் என்று எண்ணிக்கொண்டு, ஞானஸ்நானம் பெற வருவோரிடம் பரங்கி குலத்தில் சேரச் சம்மதமா என்று கேட்கும் வழக்கம் இருந்தது! கேட்பவர் ஒன்றை நினைத்துக் கேட்டார். கேட்கப்பட்டவர் வேறொன்றைப் புரிந்துகொண்டார். நடுவில் நின்ற மதிற்சுவர் மதத்தால் எழுந்ததன்று. ஒரு சொல்லால் எழுந்தது.

வாழ்க்கையை மாற்றிக்கொண்டார்

காரணத்தை அறிந்தபின் நொபிலி அடிகளார் தம்மையே மாற்றிக்கொள்ளத் துணிந்தார். மேலதிகாரிகளின் இசைவோடு, தனியே ஒரு மண் வீட்டில் குடியேறினார். கறுப்பு அங்கியைக் களைந்து காவி உடுத்தார். காலில் பாதக்குறடு, கையில் தண்டும் கமண்டலமும் கொண்டார். புலாலை அறவே விட்டார். சோறும் காய்கறியும் பாலுமாக நாளுக்கு ஒருவேளை மட்டுமே உண்டார். பிரபு வீட்டில் விருந்துண்டு வளர்ந்த இளைஞர், முப்பது வயதில், நம் நாட்டுச் சந்நியாசி போலவே வாழலானார்.

தாம் பரங்கியர் அல்லர் என்றும், உரோமாபுரியில் உயர்குடியில் பிறந்து உலகைத் துறந்த சந்நியாசி என்றும் ஓலையில் எழுதித் தம் வீட்டு வாசலில் அறிவித்தார்.

உடையை மாற்றுவது எளிது. நாவை மாற்றுவது அவ்வளவு எளிதன்று. அவர் தமிழை இடைவிடாது கற்றார். அரண்மனையில் தெலுங்கு வழங்கியதால் தெலுங்கும் படித்தார். சிவதருமர் என்னும் இளம் பிராமண அறிஞரிடம் வடமொழி கற்றார். வேதங்களை அந்நியருக்குச் சொல்லிக்கொடுப்பது அக்காலத்தில் பெருங்குற்றமாகக் கருதப்பட்டது. அந்த அச்சத்தையும் மீறி சிவதருமர் கற்பித்தார். ஐரோப்பியருள் வடமொழியை ஆழ்ந்து கற்ற முதல்வர்களுள் ஒருவராக நொபிலி அடிகளாரை அறிஞர்கள் போற்றுகின்றனர்.

ஆங்கிலப் பாடத்தில் ஓர் இலக்கணப் பகுதியைப் படிப்பதற்கே நாம் எத்தனை முறை சலித்துக்கொள்கிறோம்! அகராதியும் அச்சிட்ட இலக்கணப் புத்தகமும் கையில் இல்லாத காலத்தில், ஒரு வெளிநாட்டவர் மூன்று மொழிகளை ஓலைச்சுவடியிலிருந்தும் பிறர் வாய்ச்சொல்லிலிருந்தும் கற்றார் என்பதை எண்ணிப் பாருங்கள்.

கேட்க வந்தவர்கள்

அவர் தெருவில் நின்று கூவிப் பிரசங்கம் செய்யவில்லை. தம் வீட்டிலேயே செபத்திலும் படிப்பிலும் இருந்தார். பார்க்க வருவோருக்கு, சுவாமியார் தியானத்தில் இருக்கிறார் என்றே முதலில் பதில் கிடைக்கும். மறுபடியும் வந்தால்தான் சந்திப்பு. இந்தச் சந்நியாசி யார், இவர் என்ன சொல்கிறார் என்ற ஆவல் ஊரில் பரவிற்று. பண்டிதர்களும் அதிகாரிகளும் ஒருவர் பின் ஒருவராக வந்தனர்.

முதன்முதலில் அவரோடு நெடுநேரம் வாதிட்டவர், அவருக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்த பள்ளி ஆசிரியரே. ஏறக்குறைய இருபது நாள்கள், நாள்தோறும் நான்கைந்து மணி நேரம் இருவரும் உரையாடினார்கள். இறைவன் என்பவர் யார்? உயிர் என்பது என்ன? மறுபிறப்பு உண்டா? உலகம் எப்படித் தோன்றியது? பதி, பசு, பாசம் என்று சைவ நூல்கள் கூறுவதன் பொருள் யாது? இவையே அவர்கள் பேசிய பொருள்கள். ஆசிரியர் ஐயங்களைக் கேட்கக் கேட்க, அடிகளார் ஒவ்வொன்றுக்கும் பொறுமையாக விடை கூறினார். முடிவில் அந்த ஆசிரியர் ஞானஸ்நானம் பெற்றார். பின்னர் சிவதருமரும் பெற்றார். கற்பித்தவர்களே மாணவர்களான அதிசயம் இது!

நாளடைவில், குறுநிலத் தலைவர் ஒருவர் நிலம் வழங்க, புதிய கோவில் ஒன்று எழுந்தது. அங்கே அவர் தமிழில் பிரசங்கம் செய்தார். தம் போதனைகளை ஓலையிலும் எழுதிவைத்தார். ஞானோபதேசம், ஆத்தும நிர்ணயம், தூஷண திக்காரம் முதலியன அவருடைய நூல்கள். அவற்றுள் ஞானோபதேசம் என்னும் பெயரில் இருபத்தாறு பிரசங்கங்கள் கொண்ட தொகுதி ஒன்றும் உண்டு. அவர் நூல்கள் பலவற்றை 1960-களில் சேசு சபையைச் சேர்ந்த இராசமாணிக்கம் அடிகளார் ஆராய்ந்து பதிப்பித்தார். தூத்துக்குடித் தமிழ் இலக்கியக் கழகம் அவற்றை வெளியிட்டது. நானூறு ஆண்டுகளுக்கு முன் மதுரையில் ஒலித்த போதனையை நாம் இன்றும் படிக்க முடிகிறது என்பது எவ்வளவு பெரிய பேறு!

செய்யுளே இலக்கியம் என்றிருந்த காலத்தில் அவர் உரைநடையில் எழுதினார். அந்நடையில் வடமொழிச் சொற்கள் மிகுதி. இன்று படிப்பதற்குச் சற்றுக் கடினமே. ஆயினும் ஒரு கருத்தை எடுத்து, காரணம் காட்டி, ஐயம் எழுப்பி, விடை கூறி முடிக்கும் முறை அதில் உண்டு. தமிழ் உரைநடையின் முன்னோடிகளுள் அவரும் ஒருவர் என்று இலக்கிய வரலாறு கூறுகிறது.

சொற்களைத் தேர்ந்தெடுப்பதில் அவர் காட்டிய கவனத்துக்கு ஓர் எடுத்துக்காட்டு. அதுவரை கிறிஸ்தவர்கள் பல போர்த்துக்கீசியச் சொற்களை அப்படியே வழங்கி வந்தனர். பூசைக்குரிய அவர்கள் சொல், தமிழர் காதில் மீசை என்றே விழுந்தது! வழிபாட்டுக்கு அழைத்தால் மீசைக்கு அழைப்பதாக மக்கள் எண்ணினால் யார்தான் வருவார்? அவர் அவ்வாறான சொற்களை விடுத்து, கோவில், பூசை, குரு, வேதம், ஞானஸ்நானம் என்று மக்களுக்கு விளங்கும் சொற்களைப் பயன்படுத்தினார். கோவில் என்ற சொல்லை நாம் இன்றும் அன்போடு வழங்குகிறோம் அல்லவா?

இரு பக்கமும் எதிர்ப்பு

நற்பணி செய்வோருக்கு எதிர்ப்பு வராமல் இருப்பதில்லை. மதுரையில் சிலர், இவர் மாறுவேடம் பூண்ட பரங்கியே என்று குற்றம் சாட்டினர். அதைவிட வேதனையான எதிர்ப்பு அவருடைய சொந்தச் சபையிலிருந்தே வந்தது. பெர்னாண்டஸ் அடிகளார் 1610ஆம் ஆண்டு மேலதிகாரிகளுக்கு முறையீடு அனுப்பினார். காவி உடுத்துவதும், புதுக் கிறிஸ்தவர்கள் பூணூலும் குடுமியும் சந்தனமும் வைத்துக்கொள்ள அனுமதிப்பதும் கிறிஸ்தவத்துக்கு மாறானவை என்பது அவர் வாதம். ஒரே ஊரில் ஒரே சபையைச் சேர்ந்த இரு துறவிகள் தனித்தனிக் கோவிலில் தனித்தனியே வாழ்வதும் அந்த முதியவருக்கு வருத்தம் தந்தது. அவர் பொறாமையால் பேசியதாக நாம் எண்ணலாகாது. தம் மனசாட்சிக்குச் சரியெனப் பட்டதையே அவரும் சொன்னார்.

வழக்கு மதுரையிலிருந்து கொச்சிக்கும், கோவாவுக்கும், உரோமைக்கும் சென்றது. உறவினரான கர்தினால் பெல்லார்மினே முதலில் இவரைக் கண்டித்து எழுதினார். முழு விவரம் அறிந்தபின் ஆதரவாளரானார். நொபிலி அடிகளார் கோபம் கொள்ளவில்லை. சபையை விட்டு விலகவுமில்லை. பூணூலும் குடுமியும் குல அடையாளமா, மத அடையாளமா என்பதை நூல்களிலிருந்து சான்று காட்டி, நீண்ட விளக்கங்களை இலத்தீனில் எழுதினார். 1619ஆம் ஆண்டு கோவாவில் பேராயர் தலைமையில் கூடிய சபையில் தாமே நின்று வாதாடினார். அங்கிருந்தோரில் பலர் அவருக்கு எதிராகவே இருந்தனர். மதுரைப் பண்டிதர் முன்னிலையில் பேசிய அதே நாவினால் தம் சொந்தச் சகோதரர் முன்னிலையிலும் பேச வேண்டியிருந்தது. முன்னதை விடப் பின்னதுதான் அவருக்குக் கடினமாக இருந்திருக்கும்.

கடைசியில் 1623ஆம் ஆண்டு ஜனவரி 31ஆம் நாள் பாப்பரசர் பதினைந்தாம் கிரகோரியார் தீர்ப்பு வழங்கினார். உரிய கட்டுப்பாடுகளோடு அவ்வழக்கங்களுக்கு அனுமதி கிடைத்தது. முறையீடு எழுந்து பதின்மூன்று ஆண்டுகள் கழித்துக் கிடைத்த விடுதலை அது.

பயணமும் சிறையும்

அவ்வாண்டே அவர் மதுரையை விட்டு வடக்கு நோக்கிப் புறப்பட்டார். திருச்சி, சேந்தமங்கலம், சேலம் ஆகிய இடங்களுக்குச் சென்று போதித்தார். புதிய ஊர்களில் தங்க இடமின்றியும் நோயுற்றும் துன்புற்றார். ஆயினும் சென்ற இடமெல்லாம் கேட்போர் கிடைத்தனர்.

1640ஆம் ஆண்டு மதுரைப் பகுதியில் கிறிஸ்தவப் போதகர்களுக்கு எதிர்ப்பு மூண்டது. அறுபது வயதைக் கடந்திருந்த நொபிலி அடிகளாரும் சிறையில் அடைக்கப்பட்டார். அடுத்த ஆண்டு திருமலை நாயக்கரின் ஆணையால் விடுதலை பெற்றார். நாம் சுற்றுலா சென்று வியந்து பார்க்கும் மகாலைக் கட்டிய அதே மன்னர்தாம் அவர்.

சிறையும் நோன்பும் அலைச்சலும் அவர் உடலை வாட்டின. கண்பார்வை மங்கியது. சபையார் அவரை மதுரைப் பணியிலிருந்து விடுவித்து யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினர். பின்பு மயிலாப்பூருக்கு வந்து, எளிய குடிசையில் வாழ்ந்தார். எழுதவோ படிக்கவோ இயலாத நிலையிலும் அவர் ஓயவில்லை. தாம் வாயால் சொல்ல, அருகிலிருந்தவர் எழுத, தம் நூல்களைத் திருத்தி முடித்தார். 1656ஆம் ஆண்டு ஜனவரி 16ஆம் நாள் மயிலாப்பூரில் இறைவனடி சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 78. இத்தாலிக்கு அவர் திரும்பிச் செல்லவே இல்லை.

அவர் விதைத்த மதுரை மறைப்பணியில் பின்னர் வந்தவர்களே, 1693ஆம் ஆண்டு ஓரியூரில் உயிர்நீத்த புனித அருளானந்தரும், தேம்பாவணி பாடிய வீரமாமுனிவரும். இவர்கள் இருவரும் காவி உடுத்து, தமிழ் கற்று, தமிழராகவே வாழ்ந்தார்கள் என்றால், அதற்கு வழியமைத்தவர் தத்துவ போதகரே.

மறைக்கலாகாத ஒன்று

ஒரு பெரியாரின் வரலாற்றைக் கூறும்போது புகழை மட்டும் கூறுவது முறையன்று. நொபிலி அடிகளார் மொழி என்னும் கதவைத் திறந்தார். சாதி என்னும் கதவை அவர் திறக்கவில்லை. மேல் சாதியார் தம் சொல்லைக் கேட்க வேண்டுமானால் தாமும் அவர்கள் ஆசாரப்படியே வாழ வேண்டும் என்று அவர் கருதினார். அதனால் அவருடைய கோவிலில் மேல் சாதியார் இருந்தனர். பரதவர்கள் பெர்னாண்டஸ் அடிகளாரின் கோவிலில் இருந்தனர். தாழ்ந்தவர் என்று ஊரால் ஒதுக்கப்பட்ட மக்கள் அவருடைய பிரசங்கத்தை அருகிலிருந்து கேட்க முடியவில்லை. சாதி என்பது வெறும் சமூக வழக்கமே என்று அவர் எண்ணினார். ஒதுக்கப்பட்டவருக்கோ அது வழக்கம் அன்று, வாழ்நாள் முழுவதும் சுமக்கும் வலி.

இக்குறையை அக்காலத்தவரும் உணராமல் இல்லை. 1623ஆம் ஆண்டின் தீர்ப்பிலேயே, உயர்குடியினர் எளிய குடியில் பிறந்தோரை இகழலாகாது என்றும், குறிப்பாகக் கோவிலில் இறைவார்த்தையைக் கேட்கும்போதும் தேவதிரவிய அனுமானங்களைப் பெறும்போதும் அவ்வாறு செய்யலாகாது என்றும் பாப்பரசர் வேண்டிக்கொண்டார். 1640ஆம் ஆண்டு முதல் பண்டார சுவாமிகள் என்னும் பெயரில் வேறு சில குருக்கள், ஒதுக்கப்பட்ட மக்களிடையே தங்கிப் பணிபுரிந்தனர். ஆயினும் பிரிவினை அத்தோடு ஒழியவில்லை. கோவிலுக்குள்ளேயே தனித்தனி இடம் என்ற கொடுமை தமிழ்நாட்டில் பல ஊர்களில் நெடுங்காலம் நீடித்தது. பாப்பரசரின் வேண்டுகோளை முழுவதும் நிறைவேற்றும் கடமை இன்னும் நம்மிடமே இருக்கிறது.

ஆகவே தத்துவ போதகரை நான் எண்ணும்போது இரண்டு எண்ணங்கள் தோன்றுகின்றன. அவர் செய்ததற்காக வணங்கத் தோன்றுகிறது. அவர் செய்யாமல் விட்டதை நாம் செய்ய வேண்டும் என்றும் தோன்றுகிறது. நம் பள்ளியில் எல்லாக் குலத்தாரும் எல்லா மதத்தாரும் ஒரே பெஞ்சில் அமர்ந்து, ஒரே ஆசிரியையின் சொல்லைக் கேட்கிறோம். அன்று மதுரைக் கோவிலில் கிடைக்காதது இன்று நமக்கு நாள்தோறும் கிடைக்கிறது. இதைச் சாதாரணமாக எண்ணிவிடாமல் காத்துக்கொள்வது நம் பொறுப்பு.

நாம் கற்க வேண்டியவை

அன்புத் தோழியரே! பேச்சுப் போட்டியில் பரிசு பெற வேண்டும் என்று நாம் எல்லோரும் ஆசைப்படுகிறோம். குரலை உயர்த்துவதும் கையை அசைப்பதும் அடுக்குமொழி பேசுவதுமே பேச்சுக்கலை என்று நினைக்கிறோம். தத்துவ போதகரின் வாழ்க்கை வேறொன்றைக் கற்பிக்கிறது. பிறர் நம் சொல்லைக் கேட்க வேண்டுமானால், முதலில் நாம் அவர்கள் சொல்லைக் கேட்க வேண்டும். அவர்கள் மொழியை மதிக்க வேண்டும். நாம் சொல்லும் ஒரு சொல் அவர்கள் காதில் எப்படி விழுகிறது என்று அறிய வேண்டும். ஒரே ஒரு சொல்லால் பதினோர் ஆண்டுகள் வீணான கதையை மறக்கலாமா?

எதிர்ப்பு வந்தபோது அவர் நடந்துகொண்ட முறையும் நமக்குப் பாடம். தம்மைக் குறை கூறியவர்களைப் பதிலுக்குக் குறை கூறவில்லை. சான்றுகளைத் தேடி எழுதினார். தீர்ப்பு வரும்வரை பொறுத்திருந்தார். வீட்டிலும் வகுப்பிலும் சிறு மனத்தாங்கல் வந்தாலே நாள்கணக்கில் பேசாமல் இருக்கும் நாம், பதின்மூன்று ஆண்டுகள் பொறுத்த அவரை நினைத்துக்கொள்ள வேண்டும்.

அவர் இறந்து முந்நூறு ஆண்டுகளுக்குப் பின், 1962 முதல் 1965 வரை நடைபெற்ற இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம், அந்தந்த நாட்டு மக்களின் மொழியில் வழிபாடு நடத்த வழி திறந்தது. இன்று திருப்பலி முழுவதையும் நாம் தமிழிலேயே கேட்கிறோம். மக்களிடம் மக்கள் மொழியில் பேச வேண்டும் என்று ஒரு தனி மனிதர் மதுரை மண் வீட்டில் எண்ணியது, பிற்காலத்தில் திருச்சபை முழுவதற்கும் உரிய நெறியாயிற்று.

அடுத்த திருவிழாவில் ஒரு நல்ல பிரசங்கத்தைக் கேட்கும்போது, தமிழ்ப் பேச்சுக்காகத் தம் நாடு, உணவு, உடை அனைத்தையும் துறந்து, கடைசியில் கண்ணொளியையும் இழந்த அந்த மனிதரை ஒரு நொடி நினைப்போம். அவரைப் போல் கற்போம். அவரைப் போல் பொறுப்போம். அவரால் சேர்க்க முடியாதவரையும் நம் அருகில் அமர்த்திக்கொள்வோம். அதுவே அவருக்கு நாம் செலுத்தும் சிறந்த அஞ்சலியாகும்.